பிறக்காத தங்கச்சி

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அம்மாவுக்கு நான் ஒருத்தன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இருப்பது சிகந்தராபாத் பக்கம் போலாரத்தில். பட்டாளக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மாடி வீடு ஒன்றின் கீழ்ப்பகுதி. பிறந்ததும் இதே பக்கம்தான். அப்பா ஆபீசர் மெஸ்ஸில் சமையல் வேலைக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் ஆறாவது வரை படித்தேன், அதுவும் தெலுங்கில். தமிழ் எழுத்தை அம்மா ஜெபப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் டிரம் கழுவுகிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

என்னோடு ஒருத்தன் இருக்கிறான். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு இங்கே வந்தவன். எங்கள் கம்பெனிக்கு ரிப்பேருக்கு வந்தபோது பழக்கம். வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளத் தங்கியிருக்கிறான் என்று நினைக்க வேண்டாம். பல வருஷமாக ஒரே அடுப்பு, ஒரே பாய். அதற்கு மேல் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வீடு தேடிய காலத்தில் எல்லா வாசலிலும் ஒரே கேள்வி. ஃபேமிலியா? இல்லை என்றால் கதவு சாத்திவிடும். இந்த வீட்டு ஓனர் உப்பலில் இருக்கிறார். தெலுங்குக்காரர், வயதானவர். எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு "அன்னதம்முலா?" என்று அவரே கேட்டார். அண்ணன் தம்பியா என்று. நான் "ஹவ்" என்றேன். ஆமாம் என்று. சாவி கிடைத்தது.

இவன் என்னை அத்தான் என்று கூப்பிடுவான். விளையாட்டாக ஆரம்பித்தது. என் தமிழைக் கேட்டால் இவனுக்குச் சிரிப்பு.

"ஆமான்னா ஹவ்வாம், வேண்டாம்னா நக்கோவாம். எங்க ஊர்ல அத்தானைத்தான்வே இப்படிக் கேலி பண்ண முடியும். அதனால நீரு எனக்கு அத்தான்" என்றான்.

அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் தம்பி என்று சொல்லி வாங்கிய வீட்டில் அத்தான் என்று கூப்பிடலாமா என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. சந்தில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. ஓனர் அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார். "அத்தான்காரு, பாகுன்னாரா?" என்பார். பால்காரன் "அத்தான் பாய்" என்பான். சிலிண்டர் போடுகிறவன் வாசலில் நின்று அத்தான், அத்தான் என்று கத்துவான். இவன் உள்ளே விழுந்து விழுந்து சிரிப்பான். எனக்கும் சிரிப்பு வரும். நன்றாகத்தான் இருந்தோம்.

பிறகு மாடிக்கு ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. புருஷன் கோயம்புத்தூர்க்காரர். வெளிநாட்டுக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. பெண்சாதிக்குத் தூத்துக்குடி. எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிறவள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். வந்த வாரமே கிண்ணத்தில் மீன்குழம்பு வந்தது. "தேங்கா அரைச்சு ஊத்தினது அண்ணாச்சி, உங்க ஊருக் கொழம்பு மாதிரி இருக்காது" என்றாள். நல்ல பெண்.

ஒரு காலை அவள் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். வாசலில் பால்காரன் "அத்தான் பாய், தூத்" என்றான். அவன் நகர்வதற்குள் இஸ்திரிக்காரன் வந்து "அத்தான் பாய், சட்டை இருக்கா" என்று இந்தியில் கேட்டான். அந்தப் பெண் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, தெரு பூரா உங்களுக்கு மச்சினன்மாரா?"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து இவன் குரல் கொடுத்தான். "அத்தான், பாலை வாங்கிட்டு வாரும். தேத்தண்ணி போடணும்."

அவள் சிரிப்பு நின்றது.

"நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பின்னுல்லா ஓனர் சொன்னாவ. தம்பி எப்படி அத்தான்னு கூப்பிடுதாவ?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. நான் கையிலிருந்த பாலைப் பார்த்தேன். இவன் வெளியே வந்தான். இவனுக்குப் பேச்சு குழாய்த் தண்ணீர் மாதிரி. திறந்தால் வரும்.

"கூடப்பொறந்த தம்பி இல்ல தங்கச்சி. ஓனருக்கு அதெல்லாம் எங்க வெளங்கப்போவுது. இவுக தங்கச்சியத்தான் நான் கெட்டியிருந்தேன்."

"அப்ப அவுக எங்க?" என்று எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தவறிட்டா."

அவள் எழுந்து நின்றாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே. சிரிச்சுட்டேனே. பேரு என்ன அண்ணாச்சி?"

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெயர் சொன்னோம். இவன் சொன்னது ஒன்று. நான் சொன்னது ஒன்று.

"ஒண்ணு ஞானஸ்நானப் பேரு. இன்னொண்ணு வீட்டுல கூப்பிடுத பேரு" என்று இவன் அசராமல் சொன்னான். எங்கள் ஆட்களில் இரண்டு பெயர் இல்லாதவர்கள் குறைவு. அவள் நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"கைக்கு? ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்ல? நீரு வாயத் தொறந்திருக்க வேண்டியதான?"

"இல்லாத ஒருத்தியக் கொன்னுட்டியே."

"இல்லாதவளக் கொன்னா பாவமில்ல அத்தான். பாலைத் தாரும்."

அன்றைக்கு எனக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பொய் என்றால் ஒரு முறை சொல்வது, தீர்ந்தது என்று நினைத்தேன். இந்தப் பொய்க்குச் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டியிருந்தது.

மாடிப் பெண் சனிக்கிழமை தோறும் என் தங்கச்சியின் ஆத்துமாவுக்காக ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். ஜன்னல் வழியாகக் கீழே கேட்கும். அருள் நிறைந்த மரியே என்று அவள் சொல்லும்போது நாங்கள் இங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருப்போம். இவன் முதலில் கண்ணடித்தான். பிறகு கண்ணடிப்பதை நிறுத்திவிட்டான். எந்தக் கோயிலில் கல்யாணம் நடந்தது என்று கேட்பாள். என்ன நோய் என்று கேட்பாள். போட்டோ இல்லையா என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் இவன் ஒன்று சொல்வான். நான் பேசாமல் இருப்பேன். நான் எப்போதும் பேசாமல் இருக்கிற ஆள். அவள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சிக்கு இன்னும் ஆறல" என்று தன் புருஷனிடம் சொல்வது கேட்டது.

அந்தப் புருஷன் மரியாதையான ஆள். என்னை அண்ணா என்பார். ஒரு சாயங்காலம் கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்தார். அட்டை தொங்கிய நாடா வானவில் நிறத்தில் இருந்தது. என்ன இது என்று கேட்டேன். சும்மா கேட்டேன்.

"இதுங்களாண்ணா? ஆம்பளைக்கு ஆம்பளை, பொம்பளைக்குப் பொம்பளை இருக்காங்கல்லங்க, அவங்களுக்காக. வருஷத்துல ஒரு மாசம் ஆபீஸ் பூரா இந்தக் கலர்தான். அந்த நாட்டுல எங்க லீடரே அப்படித்தானுங்க. அவருக்கு வீட்டுக்காரர் இருக்காரு. கல்யாண போட்டோவை மேஜையில வச்சிருக்காரு. வீடியோ கால்ல தெரியும்."

"ஹவ்வா" என்றேன்.

"தங்கமான மனுஷனுங்க. மொதல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. இப்பப் பழகிருச்சு."

படியேறிப் போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். மேஜையில் போட்டோ. எங்கள் வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. எடுத்ததில்லை. எடுத்தால் யாரிடமாவது காட்டியாக வேண்டும்.

இவனிடம் சொன்னேன். இவன் செல்போனில் இதெல்லாம் பார்க்கிறவன். எந்த நாட்டில் கல்யாணம் பண்ணலாம், எந்த நாட்டில் ஜெயில், எந்த நாட்டில் தூக்கு என்று சொல்வான். வரைபடம் காட்டுவான். ஒரு நாட்டுக்கு ஒரு நிறம். இவன் வேலை பார்த்த இடம் கறுப்பாக இருக்கும். அங்கே லேபர் கேம்பில் இவன் அறைக்குப் பக்கத்து அறையில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். ஒருத்தனை அடித்து இழுத்துப் போனார்கள். இன்னொருத்தன் கட்டிலை மறுநாளே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவன் அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டான்.

நம் நாடு என்ன நிறம் என்று கேட்டால் "நடுவுல" என்பான். நடுவில் என்றால் எங்களுக்குத் தெரியும். முன்னே ஒரு தடவை கோர்ட்டு இது குற்றம் இல்லை என்று சொன்னது. அன்றைக்கு இவன் கோழி வாங்கி வந்தான். பிறகு கல்யாணம் பற்றிக் கேஸ் வந்தது. நீதிபதிகள் படிப்பதை இவன் போனில் நேராகவே பார்த்தோம். எல்லாம் இங்கிலீஷ். ஒரு வார்த்தை புரியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் தெலுங்குச் செய்தியில் கீழே ஓடிய எழுத்தை நான்தான் படித்துச் சொன்னேன். கல்யாணத்துக்கு வழி இல்லை, கவர்மெண்டுதான் பார்க்க வேண்டும் என்று. "இல்லன்னுட்டாவளா" என்றான். எழுந்து உலையில் அரிசி போட்டான். அவ்வளவுதான். எங்கள் ஊரில் இப்போது குற்றம் இல்லை. உறவும் இல்லை.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் மாடிப் பெண் என்னைத் தனியாகப் பிடித்தாள். அவளுக்குச் சித்தி மகள் ஒருத்தி சிகந்தராபாத்தில் நர்சு. தம்பி தங்கைகளைக் கரையேற்றியதில் தனக்குக் கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. நாற்பது வயது.

"அண்ணாச்சி, உங்க மாப்பிளைக்கு ஒரு தொணை வேணும்லா. ஆம்பள எத்தன நாளைக்கு வெங்காயம் உரிச்சிட்டே இருப்பாவ? ஆனா நீங்க சரின்னு சொல்லணும். தங்கச்சி எடத்துல இன்னொருத்தி வாரது உங்களுக்குச் சங்கடமா இருக்கும். எனக்குத் தெரியும்."

என்னிடம் சம்மதம் கேட்டாள். இவனை இன்னொருத்திக்குக் கொடுக்கச் சம்மதம். பெண் வீட்டு ஆள் மாதிரி நான் நின்றேன். நக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அதற்குப் பயந்தேன்.

"யோசிக்கிறேன்" என்றேன்.

அதை அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். பெரியவர்கள் அப்படித்தானே சரி சொல்வார்கள்.

இவனிடம் சொன்னதும் கத்தினான். "யோசிக்கீராவே? என்னத்த யோசிக்கப் போறீரு? சீர் எவ்வளவு கேக்கலாம்னா?"

"நீ சொல்லேன் வேணாம்னு."

"சொல்லிட்டுத்தான் இருக்கேன். பொண்டாட்டி நெனப்பு போகலன்னு சொன்னேன். அதுக்கு அந்தப் பிள்ள அழுவுது. இன்னும் நல்ல ஆளுன்னு நெனைக்கி."

கல்லறைத் திருநாள் வந்தது. செத்தவர்களுக்காக நவம்பரில் வருகிற நாள். வருஷா வருஷம் நான் அம்மா கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவேன். அந்த வருஷம் காலையில் மாடிப் பெண் பூக்கூடையோடு வாசலில் நின்றாள். புருஷனுக்கு ஆபீஸ் இருந்தது. கார் ஏற்பாடு செய்திருந்தாள். காருக்குள் அந்த நர்சு உட்கார்ந்திருந்தாள்.

"பேச்சு ஆரம்பிக்கதுக்கு முன்ன மூத்தவ கல்லறையில பூப்போட்டு உத்தரவு கேக்கணும் அண்ணாச்சி. அதான் மொற. ஏறுங்க."

மூத்தவள். என் பிறக்காத தங்கச்சி மூத்தவளாகிவிட்டாள்.

நான் இவனைப் பார்த்தேன். இவன் என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் ஏறினோம். தலைவலி என்று சொல்லியிருக்கலாம், டூட்டி என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை. காரில் நர்சு முன்சீட்டில் இருந்தாள். வெங்காயத் தோல் நிறத்தில் புதுச்சேலை. திரும்பிப் பார்க்கவில்லை. மாடிப் பெண் வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். செவ்வந்தி வாசம், சுண்ணாம்பு வாசம். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் என்று ஒவ்வொரு கல்லுக்கு முன்னாலும் ஒரு பாஷையில் ஜெபம். அம்மா கல்லறை மதில் ஓரம். ஒரு பக்கம் வேறொரு குடும்பத்துக் கல்லறை. மறுபக்கம் வெறும் தரை. புல் முளைத்துக் கிடந்தது.

"அம்மா பக்கத்துலதான் தங்கச்சியப் பொதச்சிருக்குன்னு சொன்னிய. எங்க?"

இவன் அந்தப் புல்லைக் காட்டினான். "கல்லு இன்னும் வைக்கல" என்றான். குரல் இறங்கிப் போயிருந்தது.

மாடிப் பெண் செருப்பைக் கழற்றினாள். புல்லில் முழங்கால் போட்டாள். கையாலேயே குப்பையை ஒதுக்கினாள். ஒரு பீங்கான் ஓடு கிடந்தது, அதை எடுத்துத் தூரப் போட்டாள். பூவைப் பரப்பினாள். சேலை முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டாள். நான் வாங்கிப் போயிருந்த மெழுகுவத்தியில் ஒன்றைக் கேட்டு வாங்கி மண்ணில் நட்டாள். பிறகு தரையில் கை வைத்து, தன் தங்கச்சியிடம் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"யம்மா, நீ கோவிச்சுக்கிடாத. ஒன் எடத்த யாரும் எடுக்க வரல. ஒன் மாப்பிள தனியாக் கெடந்து கஷ்டப்படுதாவ..."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்தது. அது நிஜத் தண்ணீர்.

"எந்திரிம்மா" என்றேன். "அங்க யாரும் இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. "ஆத்துமா மோட்சத்துலதான் இருக்கும் அண்ணாச்சி, அது தெரியும்."

"அது இல்ல. அந்த மண்ணுல யாரும் இல்ல. எனக்குத் தங்கச்சி கெடையாது. பொறக்கவே இல்ல."

முழங்காலில் இருந்தபடியே என்னைப் பார்த்தாள். கையில் இன்னும் கொஞ்சம் பூ இருந்தது.

"பொறக்கலயா? அப்ப இத்தன மாசமா நான் யாருக்கு ஜெபமாலை சொன்னேன்?"

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பினார்கள்.

"சொல்லுங்க அண்ணாச்சி. யாருக்குச் சொன்னேன்? நேர்ச்சை வச்சு விரதம் இருந்தேனே, அது யாருக்கு?" பிறகு எழுந்தாள். இவனைக் கையால் காட்டினாள். "தங்கச்சி இல்லன்னா, அப்ப இவுக யாரு? உங்களுக்கு யாரு இவுக?"

இவன் என்னைப் பார்த்தான். பேச்சு குழாய்த் தண்ணீர் மாதிரி வருகிறவன், அன்று வாயைத் திறக்கவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தான். எனக்காகவே காத்திருந்தான், அது எனக்குத் தெரிந்தது. நான் அம்மா பெயர் எழுதியிருந்த கல்லைப் பார்த்தேன். முகம் தீயாகக் காந்தியது.

நர்சுதான் பேசினாள். "ஏட்டி, போதும். வா."

"இரு, கேக்கேன்லா."

"ஒனக்கு இன்னுமா வெளங்கல? வா, கார்ல சொல்லுதேன்." பிறகு என்னிடம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. வார்டில் பேசுகிற மாதிரித்தான் பேசினாள். "நீங்க எப்படி வேணும்னாலும் இருங்க. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரியில நான் பாக்காத மனுசங்க இல்ல. ஆனா என்னை ஏன் இங்க வரவிட்டிய? ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா. நைட் டூட்டி முடிச்சு, படுக்காம, சேலை மாத்திட்டு வந்திருக்கேன். வெறும் புல்லுகிட்ட உத்தரவு கேக்க."

அவர்கள் போய்விட்டார்கள். பூ புல்லிலேயே கிடந்தது. அந்த மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. நான் அதை எடுத்து அம்மா கல்லறையில் வைக்கப் போனேன். கை கூசியது. அப்படியே விட்டேன்.

பஸ்ஸில் இவன் எனக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்தான். பக்கத்தில் இடம் இருந்தது. வீட்டுக்கு வந்துதான் வாய் திறந்தான்.

"தங்கச்சி இல்லன்னு சொல்ல வாய் வந்துச்சு. நான் யாருன்னு சொல்ல வரலியே."

"தங்கச்சிய உண்டாக்குனது நீ."

"ஆமா. நான் பொய் சொன்னேன். நம்ம ரெண்டு பேரையும் இந்த வீட்டுல வச்சிருக்கணும்னு சொன்னேன். நீரு பொய்யும் சொல்லல, மெய்யும் சொல்லல. நான் எதுவுமே இல்லங்கிற மாதிரி கல்லப் பாத்துட்டு நின்னீரு."

ஊரில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். கிறிஸ்துமஸ் அங்கேதான் என்றான். அதற்குப் பிறகு வருவாயா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றான். சண்டை போடுகிற குரல் இல்லை. நிஜமாகவே எதற்கு என்று கேட்கிற குரல். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டான்.

அந்த வாரம் மாடியிலிருந்து கிண்ணம் வரவில்லை. படியில் என்னைக் கண்டால் அவள் திரும்ப ஏறிப் போனாள். சனிக்கிழமை ஜன்னலில் சத்தம் இல்லை. ஓனர் போன் பண்ணுவார், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று தினமும் எதிர்பார்த்தேன். பண்ணவில்லை. அவள் சொல்லவில்லை. அவ்வளவு கோபத்திலும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் வெட்கப்பட்டேன்.

இவ்வளவு காலம் நான் வெட்கப்பட்டது வேறு. இரண்டு ஆம்பளைகள், ஒரு பாய். அது தெரிந்துவிடக் கூடாது என்று. இப்போது வந்த வெட்கம் அது இல்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் காந்துகிறது. எது எது என்று பிரிக்க எனக்குப் படிப்பு இல்லை.

டிரம் கழுவும்போது வார்த்தை தேடினேன். சிநேகிதன் என்றால் பொய். கூட இருக்கிறவன் என்றால் பாதிப் பொய். புருஷன் என்று சொல்ல நாக்கு வளையாது. அம்மா அப்பாவை எப்படிச் சொல்வாள் என்று யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நேராக மாடிக்கு ஏறினேன். புருஷன் கதவைத் திறந்தார். அவள் அவர் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"வாங்கண்ணா" என்றார். அவருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லைங்கண்ணா. எங்க ஆபீஸ்ல எல்லாம் வெளிப்படையாத்தானுங்க இருக்காங்க. நீங்களும் மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க. ஏன் சொல்லலை?"

அவர்களுக்கு ஆபீஸ் இருக்கிறது. நாடா கொடுக்கிறது. எனக்குக் கதவு சாத்துகிற சந்துதான் இருந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் நல்ல மனசோடுதான் கேட்டார்.

அவர் தோளுக்கு மேல் அவளைப் பார்த்தேன். "அன்னைக்குக் கேட்டியேம்மா. அவன் எனக்கு யாருன்னு."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு" என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "வீட்டுக்காரரா? அவரு உப்பல்ல இல்லைங்களா இருக்காரு? அவருகிட்ட யாரும் சொல்லலைங்கண்ணா, நீங்க பயப்படாதீங்க. வாடகையெல்லாம்..."

"ஏங்க" என்றாள் அவள். "ஓனரச் சொல்லல. நீங்க உள்ள போங்க."

அவர் ஒரு நொடி நின்றார். புரிந்தது. காது சிவந்து உள்ளே போனார்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்குக் கோவம் தீரல அண்ணாச்சி. அதச் சொல்லிடுதேன். செத்துப்போன பிள்ளைக்காக நான் அழுதிருக்கேன். எங்க வீட்டுப் பிள்ளைய உங்க பொய்யி முன்னால கொண்டுவந்து நிறுத்தியிருக்கேன். அவ இன்னும் என்கிட்ட பேசல."

"ஹவ்" என்றேன்.

"ஹவ்வுன்னா? மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்த வராதா?"

"மன்னிச்சுக்கோம்மா."

"ம்" என்றாள். பிறகு, "இத ஏன் என்கிட்ட வந்து சொல்லுதிய? கேட்டது நான்தான். ஆனா காத்துட்டு நின்னது அவுகல்லா. பால்கனியில இருந்து பாத்தேன், பையி கட்டுதாவ. கீழ போங்க" என்று கதவைச் சாத்தினாள். வேகமாகச் சாத்தவில்லை.

கீழே இறங்கினேன். இவன் பையின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அந்தப் படிக்கட்டில் பேசினால் எங்கள் வீட்டுக்குள் எல்லாம் கேட்கும்.

"மாடிக்குப் போயிச் சொல்லிட்டு வந்துட்டீராக்கும்" என்றான் நிமிராமல்.

"ஹவ்."

"ஓனர்னு நெனச்சுட்டாராமே அந்த மனுசன்." உதட்டில் சிரிப்பு வந்தது, நிற்காமல் போயிற்று. வாரை விட்டான். எழுந்து எனக்கு நேராக நின்றான். "ஊருக்குச் சொன்னது சரி. என்கிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கீரா? ஒரு நாளாவது? இப்பச் சொல்லும்."

யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு முறையும் சொன்னதில்லை. இவன் என்னைக் கூப்பிட ஒரு பெயர் வைத்திருந்தான். நான் இவனை ஏய் என்றும் இந்தாப்பா என்றும் ஓட்டிவிட்டேன்.

சொன்னேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"நிமிந்து சொல்லும்வே" என்றான்.

அன்றைக்கு பஸ் இவன் இல்லாமல் போயிற்று. நிமிர்ந்து சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.